கருப்பு மேலிலைச் சுருட்டு: பார்ப்பதும் சுவைப்பதும்

கருத்த சுருட்டு காட்டமாக இருக்கும் என்று பயந்து ஒதுக்குகிறவர்கள் உண்டு. காட்டமாக இருக்கும் என்று ஆசைப்பட்டு வாங்குகிறவர்களும் உண்டு. இரு சாராரும் ஒரே தப்புக் கணக்கிலிருந்துதான் தொடங்குகிறார்கள். சுருட்டின் காட்டம் பெரும்பாலும் உள்ளே வைத்த இலைகளிலிருந்து வருகிறது. கருப்பு நிறமோ, வெளியே சுற்றிய ஒற்றை இலைக்கு உரியது. அந்த இலை எவ்வளவு வெக்கையில், எவ்வளவு காலம் கிடந்தது என்பதைத்தான் நிறம் சொல்கிறது.

ஆகவே மதூரோ என்று உலகச் சந்தையில் அழைக்கப்படும் கருப்பு மேலிலைச் சுருட்டைச் சுவைக்க உட்காரும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் கருமை பொறுமையாக உழைத்துப் பெற்றதா, குறுக்கு வழியில் வந்ததா? இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு படியும் அந்தக் கேள்விக்கு விடை தேடுவதற்குத்தான். ஏற்கெனவே சுருட்டுப் பழக்கம் உள்ள வயது வந்தவர்களுக்காக இது எழுதப்பட்டது. பழக்கம் இல்லாதவர்கள் இதற்காகப் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. காரணம் அத்தியாயத்தின் பிற்பகுதியில் உள்ளது.

உள்ளே இருப்பது என்ன

கையால் சுற்றிய நல்ல சுருட்டில் மூன்று அடுக்கு உண்டு. நடுவில் உள்ளிலைகள், அவற்றை இறுக்கிப் பிடிக்கும் கட்டிலை, எல்லாவற்றுக்கும் மேலே மேலிலை.

உள்ளிலை ஒரே வகையாக இருக்காது. செடியின் அடிப்பகுதி இலை மெல்லியது. நன்றாகப் பற்றி எரியும், காட்டம் குறைவு. அதை ‘வொலாதோ’ என்பார்கள். நடுப்பகுதி இலை ‘செக்கோ’. மணம் தருவது இதுதான். உச்சி இலை வெயிலை நேராக வாங்கித் தடித்திருக்கும். மெதுவாக எரியும், நிகோட்டின் அதிகம். அதன் பெயர் ‘லிஹேரோ’. சுற்றுகிறவர் லிஹேரோவை எப்போதும் நட்டநடுவில் வைப்பார். ஓரத்தில் வைத்தால் சுருட்டு ஒரு பக்கம் மட்டும் எரிந்து இறங்கும். ஒரு சுருட்டு தலையைச் சுற்ற வைக்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த லிஹேரோவின் அளவைத்தான்.

மேலிலை எடையில் சிறு பங்கு. ஆனால் உதட்டிலும் நாக்கிலும் நேராகப் படுவது அதுதான், மணத்தில் பெரும்பங்கு தருவதும் அதுதான். நிறத்தை வைத்து மேலிலையைத் தரம் பிரிக்கும்போது வெளிர்பழுப்பு ‘கிளாரோ’ ஒரு முனை, செம்பழுப்பு ‘கொலொராதோ’ நடு, அதற்கப்பால் ‘மதூரோ’, கடைசியில் ஏறக்குறைய கரிநிறமான ‘ஒஸ்கூரோ’. இவற்றுக்கிடையில் கறாரான எல்லைக்கோடு கிடையாது. ஒரு நிறுவனத்தின் கொலொராதோ இன்னொன்றின் மதூரோவாக இருக்கக்கூடும்.

நிறம் வரும் வழி

பறித்த இலை முதலில் காற்றோட்டமான கொட்டகையில் வாரக்கணக்கில் தொங்கும். பச்சை மங்கி மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். அதன்பின் இலையை லேசாக ஈரப்படுத்தி அம்பாரமாக அடுக்குகிறார்கள். இந்த அம்பாரத்துக்கு ‘பிலோன்’ என்று பெயர். வெளியிலிருந்து நெருப்பு எதுவும் வைப்பதில்லை. ஈரமும் இலைகளின் பாரமும் சேர்ந்து உள்ளே நொதித்தலைத் தொடங்கி வைக்கும். அம்பாரம் தானாகவே சூடேறும். நடுவில் செருகிய வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே இருந்து, சூடு எல்லையைத் தொட்டதும் அம்பாரத்தைப் பிரித்து, உள்ளே இருந்த இலையை வெளியேயும் வெளியே இருந்ததை உள்ளேயும் மாற்றி மறுபடி அடுக்குவார்கள். அம்மோனியா நெடி மூக்கைத் துளைக்கும். அந்த நெடி வெளியேற வேண்டும். அது போகாத இலையில் செய்த சுருட்டு நாக்கைச் சுடும்.

வெளிர்நிற மேலிலைக்கு மிதமான சூட்டோடு நிறுத்திக்கொள்வார்கள். மதூரோவுக்கு ஆகும் அம்பாரத்தை 60 டிகிரி செல்சியஸ் அளவுக்கும் ஏற விடுவது உண்டு. பிரித்து அடுக்கும் வேலை பல மாதங்கள் நீளும். இந்தச் சூட்டில் இலையின் புரதங்கள் சிதைகின்றன, காரல் குறைகிறது, இலை கருக்கிறது. காப்பிக்கொட்டை வறுபடும்போது நடக்கும் பழுப்பாக்க வினைக்கு நெருங்கிய வினைகள் இங்கே மெதுவாக நடக்கின்றன. மதூரோவில் கொக்கோவும் காப்பியும் போன்ற மணங்கள் திரும்பத் திரும்ப வருவதற்கு இதுதான் காரணம்.

எல்லா இலையும் இதைத் தாங்காது. மெல்லிய இலை பாதி வழியிலேயே கிழிந்து பொடியாகிவிடும். தடித்த, எண்ணெய்ப்பசை மிகுந்த இலைதான் கடைசிவரை நிற்கும். நல்ல மதூரோவின் விலையில் இந்தக் காலமும் இந்தச் சேதாரமும் அடக்கம்.

குறுக்கு வழிகளும் உண்டு. இலையை ஆவியில் அவிப்பது, சாயம் ஏற்றுவது என்று நாட்கணக்கில் கருமையை வரவழைக்க முடியும். நிறம் வரும், மணம் வராது.

எந்த மண் இலை

வாங்கும்போது விற்பவரிடம் “மேலிலை எந்த ஊருடையது?” என்று கேட்டுப் பழகுங்கள். கருப்பு மேலிலையில் அடிக்கடி எதிர்ப்படுபவை இவை.

கனெக்டிகட் பிராட்லீஃப்: அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் திறந்த வெயிலில் விளைவது. இலை இலையாகப் பறிக்காமல் செடியைத் தண்டோடு வெட்டிக் கொட்டகையில் தொங்கவிடுகிறார்கள். அதே பள்ளத்தாக்கில் துணிப்பந்தலின் நிழலில் வளர்க்கும் ‘கனெக்டிகட் ஷேட்’ இலை பட்டுப்போல மெல்லியது, வெளிர்நிறம். பெயரில் ஊர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பிராட்லீஃப் சொரசொரப்பானது, நரம்பு தடித்தது. கொக்கோ, ஈரமண், அடர்ந்த இனிப்புச் சாயல். ட்ரூ எஸ்டேட் நிறுவனத்தின் ‘லிகா பிரிவாதா எண் 9’ இந்த மேலிலைக்குப் பேர்போன சுருட்டு. அதன் கட்டிலை பிரேசிலின் மாத்தா ஃபீனா. உள்ளிலைகள் நிகரகுவா, ஹொண்டுராஸ் நாட்டுடையவை.

சான் ஆந்த்ரெஸ்: மெக்சிகோவின் வெராக்ரூஸ் மாநிலத்தில், எரிமலை மண் நிறைந்த தூஸ்த்லா மலைப்பகுதியில் விளைவது. மிளகுக் காரமும் கசப்புச் சாக்லேட்டும் முன்னே நிற்கும். ஒருவித மண்வாசம் அடிநாதமாக ஓடும்.

மாத்தா ஃபீனா, அராபிராகா: பிரேசில் இலைகள். மாத்தா ஃபீனா பாயியா மாநிலத்துடையது. இதுவரை சொன்னவற்றில் இதுவே மென்மையானது. உலர்ந்த பழத்தின் சாயல் தெரியும்.

நிகரகுவா: எஸ்தெலி, ஹலாபா பள்ளத்தாக்குகளில் கியூப விதையிலிருந்து வளர்த்த இலையை மதூரோவாகப் பக்குவம் செய்கிறார்கள். காட்டம் தூக்கலாகவும் சுவை செறிவாகவும் இருக்கும்.

கியூபா: அந்நாட்டுச் சுருட்டுகளில் மதூரோ குறைவு. 2007-ல் கோஹிபா வெளியிட்ட ‘மதூரோ 5’ வரிசைதான் பெயர்பெற்றது. மேலிலையை ஐந்தாண்டு முதிரவிட்டுச் சுற்றுவதால் அந்தப் பெயர்.

கடையில் பார்க்க வேண்டியவை

வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இயற்கையாகக் கருத்த இலையில் நிறம் ஒரே சீராக இருக்காது. நரம்போரம் கொஞ்சம் கூடியும், இலைப்பரப்பில் திட்டுத்திட்டாகக் குறைந்தும் இருக்கும். மை பூசியதுபோல முழுக்க ஒரே கருப்பாக இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். விரலை லேசாக நனைத்து ஓரத்தில் தடவிப் பார்க்கலாம். கருஞ்சாயம் தாராளமாக ஒட்டினால் அந்தச் சுருட்டை விட்டுவிடலாம். வாங்காத சுருட்டில் இதைச் செய்யக் கூடாது. முதலில் ஒன்றை மட்டும் வாங்கிச் செய்து பாருங்கள்.

மேற்பரப்பில் மெல்லிய எண்ணெய் மினுமினுப்பு இருக்க வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொண்டு தலையிலிருந்து அடிவரை மெல்ல அழுத்திக்கொண்டே வாருங்கள். எங்கும் சமமாக அமுங்கி மீண்டால் நல்லது. ஓரிடத்தில் கல்லாக இருந்தால் அங்கே புகை அடைபடும். ஓரிடத்தில் பள்ளமாக அமுங்கினால் அங்கே சூடேறும். அழுத்தும்போது சருகு முறியும் ஓசை கேட்டால் சுருட்டு காய்ந்துவிட்டது. ஊசித்துளை தெரிந்தால் புகையிலை வண்டு குடியேறியிருக்கிறது; அந்தப் பெட்டியிலிருந்து எதையும் வாங்காதீர்கள்.

கடைசியாக அளவு. ரிங் கேஜ் என்பது ஓர் அங்குலத்தின் 64-ல் எத்தனை பங்கு என்ற தடிமன் கணக்கு. 50 ரிங் கேஜ் என்றால் விட்டம் 2 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 5 அங்குல நீளம், 50 ரிங் கேஜ் கொண்ட ‘ரொபுஸ்தோ’ முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் எரியும். மேலிலையைத்தான் அறிய வேண்டும் என்றால் இன்னும் ஒல்லியானதைத் தேர்ந்தெடுங்கள். தடிமன் கூடக்கூட உள்ளிலையின் பங்கு பெருகி மேலிலையின் குரல் அமுங்கிவிடும்.

வீட்டில் வைத்திருத்தல்

சுருட்டுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம். தடித்த, எண்ணெய்ப்பசையுள்ள மதூரோ இலை ஈரம் கூடினால் சரியாகப் பற்றாது, அடிக்கடி அணையும். ஆகவே 65-ஐ ஒட்டி வைத்திருப்பது நல்லது.

சுருட்டுகளைச் சேமிக்கும் பெட்டியோடு வரும் ஈரமானியை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒரு மூடியில் சாப்பாட்டு உப்பை வைத்து, குழைகிற அளவுக்குச் சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஈரமானியையும் அதையும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து ஓரிரவு முழுவதும் மூடி வையுங்கள். ஈர உப்பைச் சுற்றிய காற்று 75 சதவீத ஈரப்பதத்தில் நிலைக்கும். மானி 71 காட்டினால், அது 4 குறைத்துக் காட்டுகிறது என்று பொருள்.

வெப்பம் இன்னும் முக்கியம். 16 முதல் 21 டிகிரி வரை உகந்தது. 25-ஐத் தாண்டினால் இலையில் ஏற்கெனவே கிடக்கும் வண்டு முட்டைகள் பொரிய வாய்ப்பு கூடுகிறது. சென்னையிலோ கொழும்பிலோ அலமாரியில் வைத்த மரப்பெட்டி ஆண்டின் பெரும்பகுதி இந்த எல்லைக்கு மேலேதான் இருக்கும். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் சிறு குளிர்பேழை அல்லது எப்போதும் குளிரூட்டிய அறை இல்லாவிட்டால், பெட்டி பெட்டியாக வாங்கிச் சேர்க்க வேண்டாம். சிறிது சிறிதாக வாங்குங்கள். சாதாரணக் குளிர்சாதனப் பெட்டியில் திறந்தபடி வைக்கக் கூடாது. அது ஈரத்தை உறிஞ்சிவிடும், சமையல் வாசனையும் ஏறும்.

வெட்டும் பற்றவைப்பும்

சுருட்டின் தலையில் ஒட்டிய சிறு தொப்பி இருக்கும். அதன் வளைவு முடிந்து உடல் நேராகத் தொடங்கும் கோட்டுக்கு மேலேயே வெட்ட வேண்டும். ஓரிரு மில்லிமீட்டர் போதும். கோட்டுக்குக் கீழே போனால் மேலிலை சுருள் பிரிந்துவிடும். கூரான இரட்டை அலகு கட்டரை வைத்து ஒரே அழுத்தாக அழுத்துங்கள்.

வெட்டியதும் பற்றவைக்காமலே இழுத்துப் பாருங்கள். இது இரண்டு செய்திகளைச் சொல்லும். ஒன்று, இழுப்பு எளிதாக இருக்கிறதா, அடைபடுகிறதா. இரண்டு, இலையின் பச்சை ருசி. நன்கு முதிர்ந்த மதூரோவில் இந்த வெறும் இழுப்பிலேயே உலர்திராட்சை, கொக்கோத்தூள், தொழுவத்து வைக்கோல் போன்ற மணங்கள் தெரியும். அம்மோனியா நெடி தெரிந்தால் சுருட்டுக்கு இன்னும் வயது போதவில்லை. அதைப் பெட்டிக்குள் திரும்ப வைத்துச் சில மாதம் பொறுங்கள், வெட்டியதால் கெட்டுவிடாது.

பற்றவைக்க பியூட்டேன் வாயு லைட்டர், அல்லது மருந்து எரிந்து தீர்ந்தபின் நீள மரத்தீக்குச்சி. பெட்ரோல் லைட்டர் வேண்டாம். அதன் நெடி சுருட்டில் இறங்கும். சுருட்டைச் சாய்த்துப் பிடித்து, சுடர் படாமல் சுடரின் நுனிக்கு மேலே அடியைச் சுழற்றிச் சுழற்றி வாட்டுங்கள். ஓரம் முழுக்கக் கனிந்து, நடுவும் சிவந்த பிறகே வாயில் வைத்து மெல்ல இழுக்க வேண்டும். மதூரோவின் தடித்த மேலிலை பற்றச் சற்று அதிக நேரம் எடுக்கும். அவசரப்பட்டுச் சுடரை நேராகக் காட்டினால் அது கரிந்து, முதல் கால்மணி நேரம் கரிச்சுவைதான் மிஞ்சும்.

மூன்று அளவுகோல்கள்

புகையை நுரையீரலுக்குள் இழுக்கக் கூடாது. வாயில் நிறைத்து, நாக்கின் மேல் உருட்டி, வெளியே விட வேண்டும். நிமிடத்துக்கு ஓர் இழுப்பு போதும். வேகம் கூடினால் சுருட்டு சூடேறி, இனிப்பு போய்க் கசப்பு வரும். மதூரோவில் இந்தச் சேதம் சீக்கிரம் நேரும்.

சுவைக்கும்போது மூன்றைத் தனித்தனியாகக் கவனியுங்கள்.

1. காட்டம்: நிகோட்டினின் தாக்கு. தொண்டையிலும் வயிற்றிலும் தலையிலும் தெரியும்.
2. கனம்: வாயில் புகையின் அடர்த்தி. நீர்மோருக்கும் கெட்டித்தயிருக்கும் உள்ள வித்தியாசம்.
3. சுவை: மணங்களின் செறிவும் வகைகளும்.

கருப்பு மேலிலைச் சுருட்டில் கனமும் சுவையும் தூக்கலாக இருந்து, காட்டம் நடுத்தரமாக இருப்பது மிகவும் சாதாரணம். இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லப் பழகிவிட்டவரை நிறம் ஏமாற்ற முடியாது.

இனி மூக்கு. புகையில் ஒரு சிறு பங்கை மட்டும் மூக்கு வழியே மெதுவாக விடுங்கள். முதலில் எரியும், அளவைக் குறைத்துக்கொண்டால் பழகிவிடும். மதூரோவின் ‘இனிப்பு’ உண்மையில் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓர் இழுப்பு இழுத்துப் பாருங்கள். இனிப்பு காணாமல் போய்விடும். கையை எடுத்ததும் திரும்பி வரும். காற்றில் பாடம் பண்ணிய சுருட்டு இலையில் சர்க்கரை மிகக் குறைவுதான். நாம் இனிப்பு என்று உணர்வது, நொதித்தலில் பிறந்த மணங்களை மூக்கு படித்துச் சொல்லும் செய்தி. எல்லா இழுப்பிலும் உதட்டிலேயே பாகுபோல் இனிப்பு ஒட்டினால், தொப்பியில் இனிப்புப் பூசியிருக்கிறார்கள்.

மணங்களுக்குப் பெயர் வைக்கும்போது நீங்கள் உண்டு வளர்ந்த பொருள்களின் பெயரையே வையுங்கள். மேல்நாட்டுச் சுவைப்பட்டியலில் வரும் பழங்களை நீங்கள் தின்றதே இல்லையென்றால் அந்தப் பெயர்களால் உங்களுக்குப் பயனில்லை. கருப்பட்டி, வறுத்த உளுந்து, கிராம்பு, மிளகு, பேரீச்சை, சுக்கு, மழை பெய்த செம்மண், புதுச் செருப்பின் தோல் என்று எது நினைவுக்கு வருகிறதோ அதை எழுதுங்கள். அடுத்த முறை அதே மணம் வரும்போது நினைவு தடுமாறாது.

மூன்று பகுதிகள்

முதல் பகுதியில் மிளகும் காரமும் முன்னே நிற்கும். சுருட்டு தன் சூட்டுக்கு வந்துசேர ஓர் அங்குலமாவது எரிய வேண்டும். அதுவரை தீர்ப்பு எழுதாதீர்கள்.

நடுப்பகுதியில்தான் மேலிலை தன் வேலையைக் காட்டும். காரம் தணிந்து கொக்கோ, காப்பி, உலர்பழம் விரியும். சாயத்தால் கருத்த சுருட்டு இங்கேதான் அகப்படும். அதற்குச் சொல்ல எதுவும் இருக்காது. முதல் பகுதியில் சொன்ன ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும்.

கடைசிப் பகுதியில் புகை சூடாகவும் காட்டமாகவும் ஆகும், கசப்பு தலைதூக்கும். அதுவரை எரிந்ததின் பிசின் அங்கே சேர்ந்திருப்பதால் அப்படி ஆகிறது. இன்பம் நின்ற இடத்தில் நிறுத்திவிடுங்கள். நசுக்க வேண்டாம், சாம்பல் கிண்ணத்தில் வைத்தால் தானே அணையும்.

சாம்பலையும் பாருங்கள். அதன் நிறத்தில் மண்ணின் தாது உப்புகளுக்குப் பங்கு உண்டு. மெக்னீசியம் மிகுந்த மண்ணின் இலை வெளுத்த சாம்பல் தரும். ஆர்தர் கோனன் டாயிலின் 1887-ம் ஆண்டு நாவலான ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’டில், கருத்துச் செதில் செதிலாகக் கிடந்த சாம்பலைப் பார்த்தே அது திருச்சிச் சுருட்டு என்று ஷெர்லக் ஹோம்ஸ் சொல்லிவிடுவார். கதையில் அது துப்பு. சுவைப்பவருக்கு நிறத்தைவிட உறுதியே பயன்படும். ஓர் அங்குலம்வரை உதிராமல் நிற்கும் சாம்பல், உள்ளிலையை முழு நீளத்துக்கும் ஒழுங்காக வைத்திருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம்.

ஒரு பயிற்சி

மேலிலை என்ன செய்கிறது என்பதை ஏட்டில் படிப்பதைவிட ஒப்பிட்டு அறிவது மேல். அதற்கு மிகப் பொருத்தமானது பத்ரோன் நிறுவனத்தின் ‘1964 ஆண்டுநிறைவு வரிசை’. கியூபாவிலிருந்து வெளியேறிய ஹோசே ஒர்லாந்தோ பத்ரோன் 1964-ல் மயாமியில் நிறுவனத்தைத் தொடங்கினார்; பிறகு உற்பத்தி நிகரகுவாவின் எஸ்தெலிக்குச் சென்றது. முப்பதாம் ஆண்டை ஒட்டி 1994-ல் வந்தது இந்த வரிசை. முழுக்க நிகரகுவா இலை, நான்காண்டு முதிர்ந்தது, பெட்டிக்குள் அழுத்திச் சதுரமாக்கிய வடிவம். ஒவ்வொரு சுருட்டிலும் தனி எண் அச்சிட்ட இரண்டாவது காகித வளையம் இருக்கும்.

நமக்கு வேண்டியது, ஒரே அளவு சுருட்டு இயற்கை நிறத்திலும் மதூரோவிலும் கிடைப்பது. ‘பிரின்சிப்பே’ என்ற அளவில் (4½ அங்குலம், 46 ரிங் கேஜ்) இரண்டு நிறத்திலும் ஒவ்வொன்று வாங்குங்கள். ஒரே நாளில் இரண்டையும் புகைக்காதீர்கள். இரண்டாவதன் மேல் முதலாவதன் நிழல் விழும். வெவ்வேறு நாளில், ஒரே நேரத்தில், ஒரே மாதிரி உணவுக்குப் பிறகு, தண்ணீரை மட்டும் துணையாக வைத்துக்கொண்டு சுவையுங்கள். மூன்று அளவுகோல்களுக்கும் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் எழுதுங்கள். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், காட்டத்தின் மதிப்பெண்ணைவிட மணங்களின் பட்டியலே அதிகம் மாறியிருப்பது தெரியும்.

சிக்கலும் தீர்வும்

ஒரு பக்கம் மட்டும் எரிந்தால்: பின்தங்கிய பக்கத்தைக் கீழ்நோக்கித் திருப்பி வையுங்கள். சரியாகாவிட்டால் அங்கே மட்டும் லைட்டரைக் காட்டுங்கள்.

நடுவில் குழிந்து எரிந்து மேலிலை அப்படியே நின்றால்: மேலிலை ஈரமாக இருக்கிறது. சாம்பலைத் தட்டி ஓரத்தைச் சுற்றிப் பற்றவையுங்கள். மீதிச் சுருட்டுகளை 65 சதவீதத்தில் சில வாரம் வையுங்கள்.

கசப்பு ஏறினால்: சுருட்டின் வழியே வெளிப்புறமாக மெதுவாக ஊதி, தேங்கிய புகையை வெளியேற்றுங்கள். பிறகு இரண்டு நிமிடம் சும்மா விடுங்கள்.

அணைந்துவிட்டால்: சாம்பலைத் தட்டிவிட்டு ஊதி, மறுபடி வாட்டிப் பற்றவைக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் அணைந்து கிடந்ததைத் தூக்கிப் போடுங்கள்.

துணைப் பானம்

சர்க்கரையும் பாலும் சேர்க்காத கடுங்காப்பி மதூரோவுக்கு முதல் துணை. வறுத்த மணம் இரண்டுக்கும் பொது என்பதால் ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும். நன்கு முதிர்ந்த ரம், போர்ட் ஒயின் இரண்டும் உலர்பழச் சாயலை வெளியே கொண்டுவரும். மது தொடாதவர்கள் 70 சதவீதக் கருப்புச் சாக்லேட்டை ஒரு துண்டு வாயில் கரையவிட்டுப் பிறகு இழுத்துப் பார்க்கலாம். எதுவானாலும் அளவு சிறியதாக, குடிப்பதற்கும் இழுப்பதற்கும் இடையில் ஒரு மிடறு தண்ணீரோடு இருக்கட்டும். புதிய சுருட்டு ஒன்றை முதல்முறை சுவைக்கும்போது தண்ணீர் மட்டுமே போதும்.

உடலுக்கு ஆகும் செலவு

புகையை உள்ளே இழுக்காததால் சுருட்டு தீங்கற்றது என்று பலர் நம்புகிறார்கள். அது உண்மை அல்ல. சிகரெட் புகை அமிலத்தன்மை உள்ளது; சுருட்டுப் புகை காரத்தன்மை உள்ளது. அதனால் அதன் நிகோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் சேரும். பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு சிகரெட் பெட்டியின் மொத்தப் புகையிலை அளவுக்கே புகையிலை இருக்கக்கூடும். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் புற்றுநோய்கள் சுருட்டோடு தொடர்புடையவை. பதப்படுத்தலில் எவ்வளவு நேர்த்தி இருந்தாலும் இது மாறாது. பக்கத்தில் இருப்பவருக்கும் இந்தப் புகை கேடுதான்.

ஆகவே எப்போதாவது, வயிறு நிறைந்திருக்கும்போது, திறந்த வெளியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் அருகில் வேண்டவே வேண்டாம். இந்தியாவில் 2003-ம் ஆண்டுப் புகையிலைச் சட்டப்படி பொது இடத்தில் புகைப்பது குற்றம். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விற்பதும் குற்றம். வியர்த்து, தலை சுற்றி, குமட்டினால் உடனே நிறுத்திவிட்டு உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள். தினமும் வேண்டும் என்று மனம் கேட்கத் தொடங்கினால் ரசனை முடிந்து அடிமைத்தனம் தொடங்கிவிட்டது என்று புரிந்துகொண்டு, மருத்துவரின் உதவியோடு விட்டுவிடுங்கள்.

குறிப்பேடு

ஒவ்வொரு சுருட்டுக்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். பெயர், அளவு, மேலிலையின் ஊர், எத்தனை நாள் பெட்டியில் இருந்தது, வெறும் இழுப்பின் ருசி, மூன்று பகுதிகளின் மணங்கள், காட்டம், கனம், சுவை ஆகியவற்றின் மதிப்பெண், எரிந்த விதம் இவ்வளவும் போதும். பக்கத்தின் அடியில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். நடுப்பகுதியில் புதிதாக ஏதாவது வந்ததா? மூக்கு வழி விட்ட புகையில் இனிப்பு இருந்ததா? நாக்கு சுடாமல் கடைசிப் பகுதிவரை வர முடிந்ததா?

மூன்றுக்கும் ஆம் என்றால் அந்த இலைக்கு அம்பாரத்தில் தர வேண்டிய காலத்தை யாரோ முழுமையாகத் தந்திருக்கிறார்கள். அந்தப் பெயரை நினைவில் வையுங்கள். இரண்டுக்கு ஆம் என்றால் பெட்டியில் சில மாதம் வைத்து இன்னொரு வாய்ப்பு தரலாம். ஒன்றுக்கு மட்டுமே ஆம் என்றால், காகித வளையம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், இலை எவ்வளவு கருப்பாக இருந்தாலும், மறுபடி அதற்குப் பணம் கொடுக்காதீர்கள்.